முதியோர் இல்லத்தில் முதலில் யாரைப் பார்ப்பது?

கேள்வி: சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அம்மாவுக்கு 76 வயது. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின். தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான், நான் பள்ளி ஆசிரியை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வைத்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். பாளையங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் மூன்று இல்லங்களைப் பார்த்து வந்தேன். முதலாவது புதுக் கட்டடம், லிஃப்ட், கேமரா எல்லாம் உண்டு. காலை 11 மணிக்குப் போனபோது சத்தமே இல்லை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பழைய வீடு. பின்கட்டில் மூத்திர வாடை அடித்தது, ஆனால் கட்டிலுக்குக் கட்டில் ஒரு நோட்டு தொங்கியது. மூன்றாவதில் கட்டணம் குறைவு, ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை மட்டும்தான் பார்க்க விடுவார்களாம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவமும் ஆபரேஷனும் நடக்கிற சின்ன ஆஸ்பத்திரி. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அது இல்லை. ‘முதியோர் இல்லம்’ என்று பலகை மாட்டிய இடங்களிலும் இரண்டு வகை உண்டு. எழுந்து நடமாடுகிறவர்களுக்குச் சோறும் துணையும் தருகிற இடம் ஒன்று. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, துடைத்து, ஊசி போட்டுப் பார்க்கிற இடம் இன்னொன்று. முதல் வகை எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. ஆகவே எங்கே போனாலும் முதல் கேள்வி, ‘படுக்கையிலேயே இருக்கிறவர்கள் இப்போது எத்தனை பேர்?’ என்பதுதான். ‘ஒன்றிரண்டு பேர், எப்படியோ சமாளிக்கிறோம்’ என்று பதில் வந்தால் அங்கே அந்த வேலை பழகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இல்லத்தார் காட்டுகிற அறையை விட்டுவிட்டு, அங்கே இருப்பவர்களிலேயே மிக முடியாத ஆளைப் பாருங்கள். பேச்சு வராதவர், குறை சொல்ல வாய் இல்லாதவர், பார்க்க ஆள் வராதவர். நடக்க முடிந்த தாத்தா தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்க முடியாதவருக்கு என்ன கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கும்.

அதற்காகப் போர்வையை நீங்களாக விலக்கிப் பார்த்துவிடாதீர்கள். வந்தவர்களையெல்லாம் அப்படிப் பார்க்க விடுகிற இல்லமும் நல்ல இல்லம் இல்லை. வெளியே தெரிகிற முகம், கை, கால் போதும். நகம் வெட்டி அழுக்கில்லாமல் இருக்கிறதா? உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா? கண் ஓரத்துப் பீளை துடைத்திருக்கிறதா? விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சொறிந்த தடம் இருக்கிறதா? இரண்டு மூன்று பேருக்கு அப்படித் தெரிந்தால் சிரங்கு உள்ளே புகுந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஒருவருக்கு மட்டும் மருந்து பூசினால் அது போகாது. எல்லாருக்கும், பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்து, ஒரே நாளில் பூசி, துணிமணியை வெந்நீரில் அலசிக் காயப்போட வேண்டும். இன்னொன்று தலைமுடி. எல்லா ஆச்சிமாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருந்தால் அது யாருடைய வசதிக்கு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி படுக்கைப்புண். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு இல்லத்தின் உள்ளும் புறமும் இதில் தெரிந்துவிடும். எலும்பு மேடிட்ட இடங்களில் உடம்பின் எடை ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சதைக்கு ரத்தம் போகாமல் புண்ணாகிறது. வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், தோள்பட்டையின் பின்புறம், முழங்கை, பின்மண்டை, காது மடல் இவைதான் இடங்கள். ஈரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். சர்க்கரை இருந்தால் ஆறுவது தாமதமாகும். புண் வெடிக்கும் முன் தோல் சிவக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு வெளிறாது. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மட்டும் கருநீலமாக, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும். இந்தக் கட்டத்தில் கண்டுகொண்டால் அந்தப் பக்கம் படுக்கவிடாமலே சரியாக்கிவிடலாம். அங்குள்ள சிஸ்டரிடம், ‘புண் வரப்போகிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இதை அவர் சொல்ல வேண்டும். ‘சிவந்த இடத்தில் நன்றாக எண்ணெய் தேய்த்து அழுத்தி விடுவோம்’ என்றாலோ, நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தைக் காட்டினாலோ அவருக்குப் பயிற்சி போதாது. சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை இன்னும் சிதையும். வளையம், தன் விளிம்பால் சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கும்.

‘இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது? அதில் இங்கே வந்தபின் வந்தது எத்தனை?’ என்றும் கேளுங்கள். ‘மூன்று பேருக்கு இருக்கிறது, இரண்டு பேர் ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணோடு வந்தவர்கள், ஒன்று இங்கே வந்தது, இப்போது ஆறுகிறது’ என்கிற இல்லத்தை நம்பலாம். இருபது படுக்கை நோயாளிகளை வைத்துக்கொண்டு ‘எங்களிடம் ஒருத்தருக்குமே வந்ததில்லை’ என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வராமல் காக்க வழி, சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று மாறி மாறி. பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவு சாய்த்தால் இடுப்பெலும்பில் எடை விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட வேண்டும். காற்று மெத்தை இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். அது இருந்தாலும் திருப்ப வேண்டும். பல இடங்களில் மோட்டார் சத்தம் என்று அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது கரண்ட் போனதும் காற்று இறங்கி ஆள் கட்டில் பலகையிலேயே கிடப்பார். மெத்தை இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த வேலைக்கு எத்தனை கை வேண்டும்? பத்து பேர் படுக்கையில் என்று வையுங்கள். ஒருவரைத் திருப்பி, தலையணை சரிசெய்து, டயப்பர் ஈரமா என்று பார்க்க 5 நிமிடம். இரண்டு ஆள் சேர்ந்து செய்ய வேண்டும். ஒற்றை ஆள் செய்தால் தூக்க முடியாமல் இழுப்பார், இழுத்தால் தோல் கிழியும். பத்து பேருக்கு 50 நிமிடம். அதை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் இரவு 10 முதல் காலை 6 வரை நான்கு சுற்று. நடுவில் தண்ணீர் கேட்பவர், மலம் போனவர், பயந்து கூப்பிடுபவர். இரண்டு பேர் விழித்திருந்தால் இது நடக்கும். ஒரே ஆயா என்றால் நடக்கவே நடக்காது, நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆகவே ‘மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?’ என்ற கேள்வி பயனற்றது. சமையல்காரரையும் வாட்ச்மேனையும் சேர்த்து ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். ‘ராத்திரி 2 மணிக்கு விழித்திருப்பது எத்தனை பேர், அதில் நர்ஸ் யார்?’ என்று கேளுங்கள். வெள்ளைச் சேலை கட்டிய எல்லாரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு இன்சுலின் போடப்போவது அவர்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார், அப்புறம் ஊர் ஊராகக் கோயில் கொடை விழா. ஆயாமார் பெரும்பாலும் சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்கள், அவர்கள் போகத்தான் செய்வார்கள், போகவும் வேண்டும். ‘போன பங்குனி உத்திரத்தன்று டூட்டியில் யார் இருந்தார்கள்?’ என்று கேட்டு வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாற்று ஆள் ஏற்பாடு உள்ள இடம் உடனே பெயரைச் சொல்லும்.

இப்போது உங்கள் அம்மாவுக்கென்று பார்க்க வேண்டியவை. பேச்சு குழறுகிறவருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கலாம். சோற்றை விடத் தண்ணீர்தான் அவருக்கு அதிகம் புரையேறும். புரையேறியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பாருங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். இப்படி ஊட்ட 20 முதல் 30 நிமிடம் ஆகும். முடிந்ததும் வாயின் இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும், அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. ஒரு ஆயா ஒரே தட்டு, ஒரே கரண்டியோடு மூன்று பேருக்கு மாற்றி மாற்றி ஊட்டினால், அல்லது எல்லாவற்றையும் கரைத்துப் படுத்த வாக்கில் ஊற்றினால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

தூக்கும்போது விழுந்த இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பிலும் தோள்பட்டைக்குப் பின்னும் கை கொடுத்துத் தூக்குகிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் டம்ளரும் கூப்பிடு மணியும் வலது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வரிசை அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் கட்டிலுக்கும் இடப்பக்கமே மேஜை போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு அந்த மேஜை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்சுலினில் வருகிற பெரிய தவறு, ஊசியை நேரத்துக்குப் போட்டுவிட்டு இட்லி வரத் தாமதமாவது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், உளறல் வரும். ஏற்கெனவே பேச்சு குழறுகிறவர் என்பதால் ‘பாட்டி எப்பவும் இப்படித்தான்’ என்று விட்டுவிடும் ஆபத்து அதிகம். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைப் பகல் நர்ஸிடம் மட்டுமல்ல, இரவில் இருக்கும் ஆயாவிடமும் கேளுங்கள். இரவுச் சாப்பாடு மாலை 6.30, காலை டிபன் 8.30 என்றால் நடுவில் 14 மணி நேரம் வயிறு காலி. இன்சுலின் போடுகிறவருக்கு அது ஆகாது, படுக்கும் முன் ஒரு பாலோ கஞ்சியோ கொடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீசரை ஒட்டி உறைந்துவிடக் கூடாது. பிரித்த பாட்டிலில் பிரித்த தேதி எழுதியிருக்க வேண்டும், பெரும்பாலான வகைகள் அதிலிருந்து 28 நாள்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் அதை மேஜை மேல் வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

கட்டிலில் தொங்கிய நோட்டு நல்ல அறிகுறிதான், ஆனால் அதை வாசிக்கவும் வேண்டும். சாயங்காலம் 4 மணிக்குப் போய்ப் பார்க்கும்போது இரவு 8 மணி மாத்திரைக்கும் டிக் விழுந்திருந்தால் அது கதை நோட்டு. ஒரு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ‘நார்மல்’ என்றாலும் அப்படித்தான். உண்மையான நோட்டில் அடித்தல் இருக்கும், ‘பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டார்’, ‘ஊசி வேண்டாம் என்று சத்தம்’ என்றெல்லாம் இருக்கும். எடை எழுதுகிறார்களா என்று பாருங்கள். மாதம் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். 50 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டிய விஷயம். நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பீர்கள் என்று கேட்டால் எத்தனை இடத்தில் விழிப்பார்கள் தெரியுமா? நாற்காலியோடு எடை பார்த்து நாற்காலி எடையைக் கழித்தால் தீர்ந்தது.

டயப்பர், மூத்திரக் குழாய், மூக்குக் குழாய் மூன்றும் நோயாளிக்கு வேண்டியவையா, ஆயாவுக்கு வசதியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உதவினால் கழிப்பறை போகக்கூடியவருக்கும் டயப்பர், மெதுவாக ஊட்டினால் சாப்பிடக்கூடியவருக்கும் மூக்குக் குழாய் என்று ஒரு வார்டு முழுக்க இருந்தால் ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம். மூத்திரப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, குழாய் மாற்றிய தேதி எழுதியிருக்க வேண்டும். டயப்பர் ஒரு நாளைக்கு 4 என்றால் மாதம் 120. நீங்கள் வாங்கிக் கொடுப்பதானால் கணக்குக் கேளுங்கள். கணக்கை விட மிச்சம் இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மாற்றவில்லை என்று பொருள்.

உங்கள் மூன்று இல்லங்களுக்கு வருகிறேன். முதலாவது இல்லத்தின் அமைதிதான் எனக்கு உறுத்துகிறது. காலை 11 மணி முதியவர்கள் குளித்து, டிபன் முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு கூடம் நிறைய ஆட்கள் அந்த நேரத்தில் தூங்கினால், தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ கை தாராளமாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். யாருக்கு, எந்த டாக்டர் எழுதினார், எப்போது மறுபடி பார்த்தார் என்று காகிதம் இருக்க வேண்டும். இந்த மாத்திரைகளால் விழுவதும் புரையேறுவதும் கூடும். துண்டால் கையைக் கட்டிலில் கட்டியிருக்கிறார்களா என்றும் கண்ணை ஓட்டுங்கள். கேமராவைப் பெரிதாக நம்ப வேண்டாம். வராந்தாவில் யார் நடந்தார்கள் என்பதை அது காட்டும், அம்மாவின் முதுகைக் காட்டாது.

இரண்டாவதில் மூத்திர வாடை. அது எந்த நேரத்து வாடை என்பதுதான் விஷயம். ஒருவர் கட்டிலருகே புதிதாக அடித்து, அரை மணியில் போய்விட்டால் அது வேலை நடக்கிற இடம். சுவரிலும் மெத்தையிலும் ஊறிய பழைய வாடை என்றால் வேறு. வீடு முழுக்கப் பினாயில் மணப்பதும் அதே கணக்குதான். பழைய வீடுகளில் நிலைப்படியும் முற்றத்துப் படியும் சக்கர நாற்காலிக்கு எதிரி, அம்மாவின் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நாற்காலி தடங்கலில்லாமல் போகிறதா, அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கிற கதவுக்குப் பின்னால் பேச முடியாதவரை விட முடியாது.

பதிவுச் சான்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், காலாவதி தேதியோடு. சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: கட்டணத்தில் டயப்பர், பிசியோதெரபி, டாக்டர் ஃபீஸ் சேர்ந்ததா, வெளியேறினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், நடு இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது, யார் கூடப் போவது. அம்மாவுக்கு மறுபடி பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். ‘காலையில் டாக்டர் வந்ததும் பார்ப்போம்’ என்கிற இல்லம் அதைத் தின்றுவிடும். நேராக ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கா, வேறெங்கா என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பென்ஷன் ஏ.டி.எம். கார்டையும் நகையையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டையோ நிலத்தையோ பற்றி யாராவது பேச்செடுத்தால் 14567-க்குப் போன் செய்யலாம், அது முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண்.

அங்கே இருக்கும் ஆச்சிமாரிடம் ‘நல்லா இருக்கியளா?’ என்று கேட்டால் ‘இருக்கேன் தாயி’ என்றுதான் சொல்வார்கள். ‘நேத்து ராத்திரி தண்ணி தவிச்சா யாரைக் கூப்பிட்டிய? எப்ப வந்தாவ?’ என்று கேளுங்கள். நேற்று நடந்ததைச் சொல்லும்போது உண்மை தானாக வரும்.

எனக்கு இரண்டாவது இல்லத்தின் மேல்தான் நாட்டம். ஆனால் நீங்கள் பார்த்தது பகல். ஒரு வேலை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் இரவு 9.30-க்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, யார் வந்து திறக்கிறார், எவ்வளவு நேரத்தில், உள்ளே இன்னொருவர் விழித்திருக்கிறாரா என்பது வாசலிலேயே தெரியும். இரண்டு பேர் இருந்தால் ஒரு மாதம் மட்டும் என்று பேசிச் சேருங்கள். சேர்க்கிற அன்று நர்ஸை வைத்துக்கொண்டு அம்மாவின் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்து, எடை எடுத்து, தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் வாரம் அழுவார், சாப்பாடு குறையும், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். முப்பதாவது நாள் அதே நர்ஸோடு, அதே காகிதத்தை வைத்து மறுபடி பாருங்கள்.